ஹாரன் அடிக்கும் வரை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் லாரியில், காய் பறிக்கும் பெண்கள் இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னைக்குப் படமும் வெளங்கல மதினி. புருசன் விட்டுட்டுப் போயிட்டான், அவ அழுகுறா,” என்றாள் இளையவள்.

“போன மாசம் பாத்த ராசா படம்?”

“கத்திச் சண்டை நல்லாத்தேன் இருந்துச்சு. ராணியைக் காட்டுக்கு வெரட்டிட்டாக.”

“சாமி படம்?”

“பிள்ளை செத்துக் கெடக்கு. சாமி கல்லாட்டம் நிக்குது. அதென்ன சாமி?”

மூத்தவள் சிரித்தாள். “அடி கிறுக்கி, கடைசில சாமி வந்து பிள்ளையை எழுப்பிருமாம். ஓடிப்போன புருசனும் திரும்பி வந்துருவானாம். டவுன்காரி ஒருத்தி சொன்னா. படம் முடியிறதுக்குள்ள லாரிக்காரன் கொட்டகை வாசல்ல ஹாரன் அடிச்சுர்றான், நாம எங்கிட்டுப் பாக்க?”

லாரி மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி முதல் வளைவில் முனகிக்கொண்டு ஏறியது. இளையவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“டவுன்காரி சொல்லுவா. எம் புருசனும் வெரசா வர்றேன்னு சொல்லிட்டுத்தேன் மலையெறங்கிப் போனான். படத்துலயுஞ் சரி, வீட்டுலயுஞ் சரி, போனவன் திரும்பி வந்து நான் பாத்ததில்ல.”