டெக்ஸாஸ் எல்லை வரைக்கும்

மோட்டார்ஹோம், அதாவது சக்கரம் வைத்த வீடு, ஓட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரேக்கைக் கொஞ்சம் முன்கூட்டியே மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் நானே சீக்கிரம் பழகிவிட்டேன்.

எண்ணெய் கம்பெனி வேலையை விட்டு, டெக்ஸாஸில் சுகர் லேண்ட் வீட்டையும் விற்றுவிட்டு, நானும் என் மனைவி காமாக்ஷியும் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பினோம். பெண் மாளவிகா மில்பிடாஸில் நல்ல வேலையில் இருக்கிறாள். எங்களுக்கு இருந்த ஒரே தலைவலி ஹெல்த் இன்ஷூரன்ஸ். அரசாங்கம் தரும் மெடிகேர் அறுபத்தைந்து வயதில்தான் வரும். அதுவரை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

எந்த கவுண்டியில், நம்மூர்க் கணக்கில் எந்த மாவட்டத்தில், குடியிருக்கிறீர்கள் என்பதுதான் இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. இந்த வாரம் யூட்டா, அடுத்த வாரம் அரிசோனா என்றேன்.

"அங்கிள், சிஸ்டம் அதை அக்செப்ட் பண்ணாது. ஏதாவது ஒரே ஒரு அட்ரஸ் குடுங்க" என்றாள் ஏஜென்ட் ஜலஜா.

டெக்ஸாஸில் பேர்லேண்டில் இருக்கும் நண்பர் டாக்டர் திருமூர்த்தியின் விலாசத்தைக் கொடுத்தேன். அப்படிக் கிடைத்த இன்ஷூரன்ஸில் டெக்ஸாஸுக்குள் எல்லா வைத்தியமும் உண்டு. வெளியே எமர்ஜென்சி மட்டும். எது எமர்ஜென்சி என்பதை அவர்கள் பிறகு சாவகாசமாக முடிவு செய்வார்கள்.

யூட்டாவில் காமாக்ஷிக்குத் தலை சுற்றியது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்காததுதான் என்றார்கள். இது எமர்ஜென்சியே இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஆள், முதலிலிருந்து அதே கதை. எரிச்சலில் மலை, பள்ளத்தாக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இனி இவர்களிடம் ஏமாறுவதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன்.

நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உடம்புக்கு ஏதாவது என்றால் கோயிலில் பழக்கமான டாக்டருக்குத்தான் முதல் போன். பேர்லேண்ட் மீனாக்ஷி கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே பாதிப் பேருக்கு வைத்தியம் முடிந்துவிடும்.

மார்ச் மாதம், அரிசோனாவின் கிழக்கு ஓரத்தில் இருந்தோம். காலைக் காபி முடிந்ததும் காமாக்ஷி தாடையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏன்னா, என்னமோ பண்றது. தோளெல்லாம் இழுக்கறது" என்றாள்.

வெளியே போய் நின்று திருமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"சிவா, யோசிக்காதீங்க. உடனே 911 கால் பண்ணுங்க. ஹார்ட்டா இருக்கலாம். வெயிட் பண்ணாதீங்க" என்றார்.

உள்ளே வந்து, "வெறும் கேஸ்தானாம். ஜெலுசில் போட்டுக்கச் சொன்னார்" என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. யூட்டாவிலும் எல்லோரும் இப்படித்தான் பதறினார்கள். மத்தியானத்துக்குள் எல் பாசோ போய்விடலாம். அது டெக்ஸாஸ், நம் இன்ஷூரன்ஸ் செல்லும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

நடுவில் கடக்க வேண்டிய நியூ மெக்ஸிகோவில் ஃப்ரீவே ஓரமாக ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டும் நீலப் பலகைகள் வரும். முதல் பலகையை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுத்ததில், "அங்க நிறுத்துங்கோன்னா. முடியலை" என்றாள்.

"கேஸுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரி போவாளா? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது பலகை வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். தூங்கட்டும் என்று ஏஸியைக் குறைத்தேன். ஒரு வளைவில் தலை சரிந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வண்டியை நிறுத்தவில்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டு, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவதில் என்ன அர்த்தம்?

எல் பாசோவில் கார்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். யாரும் எந்த கவுண்டி என்று கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் திருமூர்த்தி என்னிடம் வந்தார். மாளவிகாவும் பக்கத்தில் நின்றாள்.

"நான் அவ்ளோ சொன்னேனே சிவா, ஏன் போகலை?"

"அவதான் கேக்கலை. ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம், டெக்ஸாஸ்ல போய்ப் பாத்துக்கலாம்னு அடம் பிடிச்சா" என்றேன்.

"ஒய் வாஸ் ஷி ஸோ ஸ்டபர்ன், அப்பா?" என்று மாளவிகா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இன்றுவரை அவள் தன் அம்மாவின் மேல்தான் கோபமாக இருக்கிறாள். எனக்கும் அது வருத்தம்தான். ஆனாலும் நான் சொன்னதில் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாலும், டெக்ஸாஸுக்கே போய்விடலாம் என்றுதான் காமாக்ஷி சொல்லியிருப்பாள். முப்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன், அவள் மனசு எனக்குத் தெரியாதா?