பொம்மைப் படத்துக்கு அழுதவள்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன.

"பொம்மைப் படத்தைப் பாத்து யாராச்சும் அழுவாங்களாடி?" என்றாள் மற்றவள்.

"அதுல வர்ற பொண்ணு ஊர்ல ஆட்சி கவுந்து ஒரே கலவரம். அவள மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பிடறாங்க. அங்கயே வளர்றா."

"அதுக்கு நீ ஏன் அழுவுற?"

"நான் இலங்கை அகதி முகாம்டி. இன்னிக்கு அங்க ஆள் கணக்கெடுப்பு, நேர்ல நிக்கணும். அதான் ஓ.டி. வேணாம்னேன்."

சானமாவுக் காட்டைத் தாண்டியதும் மற்றவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமா ஒரே லைன்ல நிக்கறோம், சொல்லவே இல்ல. பேச்சும் எங்கூருப் பேச்சாத்தான் இருக்கு. நீங்க எப்ப வந்தீங்க?"

"அம்மா, அப்பாதான் வந்தாங்க. நான் வரல. இங்கதான் பொறந்தேன். ஆனா கார்டுல என்னையும் அகதின்னுதான் போட்டிருக்கு."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"படத்துல அவ ஊரைவிட்டுக் கிளம்பற நாளைக் காட்டறாங்க. எனக்கு அப்படி ஒரு நாளே இல்லடி."