இடது கையால் தைத்த பை

பெயர் ஒத்திலியா பெத்ராஷ்கு. வயது ஐம்பத்து நான்கு. தகப்பனார் பெயர் வசிலியெ, காலமாகிவிட்டார். முகவரி: திமிஷ்வாரா நகரம், ஃபாப்ரிக் பகுதி, பீர் தொழிற்சாலைக்குப் பின்புறத் தெரு, பதினேழாம் எண் வீடு, இரண்டாவது மாடி. தொழில்: முன்பு நகர டிராம் வண்டிகளில் டிக்கெட் பரிசோதகர், தற்போது ‘வாசற்படி’ பெண்கள் சங்கத்தின் விற்பனையாளர். இன்று மார்ச் முதல் தேதி பிற்பகல், காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளர் அம்மையார் முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொல்வது பின்வருமாறு.

மேற்படி சங்கம், வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்களுக்காக இந்நகரில் ஒரு வீடு நடத்தி வருகிறது. அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதை இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஆய்வாளர் அம்மையாரும் சம்மதித்தார். அங்கே இருக்கும் பெண்கள் பழைய கம்பளிக் கோட்டுகளையும் திரைச்சீலைகளையும் பிரித்து அலசிப் பைகளும் கழுத்துத் துணிகளும் தைக்கிறார்கள். மார்ச் முதல் தேதிக்காக சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் கம்பளிப் பூ கோத்து, அன்று பெண்களுக்குக் கொடுத்து நெஞ்சில் குத்திவிடும் மர்த்சிஷோர் செய்கிறார்கள். விற்கிற பணத்தில் செய்தவருக்குக் கூலி போக மிச்சம் வீட்டு வாடகைக்கும் வக்கீலுக்கும் போகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் தேதி வரை ஒபேரா கட்டிடத்துக்கு எதிரே நடக்கும் சந்தையில் எங்களுக்கு ஒரு கடை உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் கடையில் வாங்குபவர்கள் கேள்வி கேட்டுத்தான் வாங்குவார்கள். துணி எங்கிருந்து வந்தது, சாயம் ஆற்றைக் கெடுக்குமா, தைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பார்கள். கேட்பது நல்லதுதான், நானும் ஒளிக்காமல் சொல்வேன். ஆனால் யார் தைத்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மற்ற சங்கங்கள் செய்தவரின் பெயரும் சிரித்த முகமும் போட்ட அட்டையைத் தொங்கவிடுகின்றன. எங்கள் அட்டையில் ஒரு கதவு படம்தான் இருக்கும். நேற்று காலை பல் டாக்டர் அம்மையார் ஒருவர் தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் மர்த்சிஷோர் எடுத்துவிட்டு, “ஒரு போட்டோகூட இல்லையா? சும்மா நல்ல காரியம்னு சொன்னா யாரு நம்புறது?” என்று கேட்டார். நான், “மேடம், முகத்தைக் காட்டினா தேடி வந்துருவாங்க. காட்டாம இருக்கிறதுதான் எங்க காரியமே” என்றேன். அவர் கூடவே இரண்டு பைகளும் எடுத்துக்கொண்டு போனார்.

எங்களுக்கு அடுத்த கடை கிளிகோர் என்பவருடையது. மாவைக் கட்டையில் சுற்றித் தணலில் சுட்டு, சர்க்கரையில் புரட்டி விற்கிறார். டாக்டர் அம்மையார் போன பிறகு அவர், “ஒத்திலியாம்மா, உன் கடையில வாங்கினா புண்ணியம், என் கடையில வாங்கினா சொத்தைப் பல்லு. இப்படிப் பக்கத்துல பக்கத்துல போட்டா நான் எப்படிப் பொழைக்கிறது?” என்றார். நான், “அந்தம்மா பல் டாக்டர்தான். ஆள் அனுப்புறதுக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க” என்றேன். அவரைப் பற்றி இங்கே சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததற்கு அவரும் சாட்சி.

அதன் பிறகு நேற்று மதியம் ஒருவர் வந்தார். நல்ல சாம்பல் நிறக் கோட்டு, மழித்த முகம். டிராமில் டிக்கெட் இல்லாதவர் பரிசோதகரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அக்கறையாகப் பார்ப்பார், அந்த மாதிரி அவர் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். அதன் பிறகு ஒயின் நிறப் பை ஒன்றை எடுத்து, வெளிப்பக்கத்தைப் பார்க்காமல் உள்பக்கத்தைப் புரட்டி, தையல் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். ஆண்கள் யாரும் அப்படிப் பார்த்து வாங்கி நான் கண்டதில்லை. அதன் பிறகு, “இதைத் தச்சது இடது கைக்காரிதானே?” என்றார்.

எங்கள் வீட்டில் இடது கையால் தைப்பவர் தோம்னிகா ஒருவர்தான். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். ரெஷித்ஸா பக்கத்திலிருந்து வந்தவர். வந்ததிலிருந்து தெருவுக்கு வந்ததில்லை. கடைக்குப் போகக்கூட மாட்டார். அவருடைய இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகப் பொருந்தியது, அதனால் தையல் ஒரு பக்கமாகச் சாயும். எப்படி உடைந்தது என்பதை நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கணவன் அவரை நெருங்கக்கூடாது என்று போட்ட நீதிமன்ற உத்தரவில் இருக்கிறதாம்.

நான் அவரிடம், “தெரியாதுங்க. பல இடத்துலேர்ந்து வருது” என்றேன். அவர் சிரித்து, “தெரியாமலே விக்கிறீங்களா? போர்டுல மட்டும் நல்ல காரியம்னு பெரிசா போட்டிருக்கு” என்றார். அதன் பிறகு, தனக்கு மர வியாபாரம் என்றும், மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்குத் தன் கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் இந்த மாதிரிப் பை பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றும், “நல்ல காரியத்துக்குன்னா நான் பேரம் பேச மாட்டேன். ஒரே ஒரு ஆசை. தச்ச பொண்ணை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்” என்றும் சொன்னார். அந்த அளவு ஆர்டர் எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. அவர் கொடுத்த கார்டில் செவெர் லுங்கு என்று இருந்தது. தோம்னிகா தன் கணவன் பெயரை என்னிடம் சொன்னதே இல்லை, ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வார். ஆனாலும் இது அந்த ஆள்தான் என்று எனக்குப் பட்டது. “எங்க மேடத்துகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டு போனார். போனவர் டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு வந்த வண்டிகளையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டின் பொறுப்பாளர் கிரினா அம்மையாருக்குப் போன் செய்தேன். ஆர்டரைப் பற்றிச் சொன்னதும், “ஐயோ, நெஜமாவா? அடுத்த குளிருக்கு ஹீட்டர் செலவே தீர்ந்துடுமே!” என்றார். அதன் பிறகு இடது கை விஷயத்தையும் கார்டில் இருந்த பெயரையும் சொன்னேன். உத்தரவில் இருப்பதும் அதே பெயர்தான் என்றார். அதன் பிறகு, “நீ இன்னிக்கு இந்தப் பக்கமே வராதே. விக்காத சரக்குப் பெட்டியையும் கொண்டுவராதே” என்றார். கிளிகோர் பெட்டிகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார்.

நான் டிராம் ஏறினேன். மேற்படி நபரும் அதே வண்டியின் பின் பெட்டியில் ஏறினார். என்னோடு பல வருடம் வேலை செய்த பரிசோதகர் ஒருவர் அந்த வண்டியில் இருந்தார். அவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் நேராக மேற்படி நபரிடம் போய் டிக்கெட் கேட்டார். அவரிடம் இல்லை. அபராதத்தைப் பற்றி அவர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு வீட்டிலிருந்து காவல்துறைக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர், “பை வாங்கினது குத்தமாம்மா?” என்றார். உத்தரவு இருப்பதைச் சொன்னதும் இந்த நிலையத்துக்கு மாற்றினார். மேற்படி நபர் அந்தப் பெண்ணை நெருங்கக்கூடாது என்பது மட்டுமல்ல, வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புவதும் உத்தரவை மீறியதுதான் என்றும், நாளை அவர் வந்து வாய் திறக்கட்டும், இரண்டு காவலர்கள் மஃப்டியில் நிற்பார்கள், அந்தப் பெண் மட்டும் எக்காரணம் கொண்டும் அங்கே வரவேண்டாம் என்றும் ஆய்வாளர் அம்மையார் சொன்னார். அதை அப்படியே கிரினா அம்மையாரிடம் தெரிவித்தேன். அவர் தோம்னிகாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இன்று மார்ச் முதல் தேதி என்பதால் காலையிலேயே நல்ல கூட்டம். அம்மாவுக்கு, டீச்சருக்கு, ஆபீஸ் பெண்களுக்கு என்று வரிசை கிளிகோர் கடையையும் தாண்டி நின்றது. நேற்று வந்த பல் டாக்டர் அம்மையாரும் தங்கைக்குப் பை வேண்டும் என்று மறுபடி வந்து நின்றார். மஃப்டிக் காவலர்கள் இருவரும் கிளிகோர் கடையில் வாடிக்கையாளர் மாதிரி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளிகோர் என் பக்கம் சாய்ந்து, “சீக்கிரம் வரச் சொல்லும்மா அந்த ஆளை. இவங்க நடிக்கிற நடிப்புக்கு என் மாவு காலியாயிடும்” என்றார்.

அதன் பிறகு மேற்படி நபர் வந்தார். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து, “என்ன, கேட்டீங்களா?” என்றார். “கேட்டேங்க. ஆர்டரை எடுத்துக்கிறோம். தச்சவங்களைக் காட்டுறதில்லை” என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, “அவகிட்ட சொல்லு. அவ அம்மா படுத்த படுக்கையா கெடக்குறா. இன்னிக்கே வந்தா நடந்ததை எல்லாம் மறந்துடுறேன்” என்றார். அந்த அம்மாள் நல்ல சுகத்துடன் இருப்பது பிறகு தெரியவந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி நான் சத்தமாக, “யார்கிட்ட சொல்லணும்? பேரைச் சொல்லுங்க” என்றேன். “தோம்னிகாகிட்ட. என் பொண்டாட்டிகிட்ட” என்றார்.

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து மேஜையோடு அழுத்தினார். மற்றக் கையால் காலடியில் இருந்த பெட்டியை இழுத்தார். அதில் முகவரி இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மேஜை சாய்ந்து பூக்கள் கீழே கொட்டின. காவலர்களுக்கும் எங்களுக்கும் நடுவே வரிசை நின்றதால் அவர்களால் உடனே வர முடியவில்லை. பல் டாக்டர் அம்மையார் முன்னால் வந்து, “கையை எடுங்க. கையை எடுங்கன்னு சொல்றேன்ல” என்றார். அதற்கு மேற்படி நபர், “இது எங்க குடும்ப விஷயம். இங்க தொங்குற பையெல்லாம் என் பொண்டாட்டி கை வேலை. என் சொத்து” என்று கத்தினார்.

அப்போது வரிசையின் பின்பகுதியிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். கிரினா அம்மையாரின் பழுப்புக் கோட்டைப் போட்டுத் தலையில் துணி கட்டியிருந்தார். தோம்னிகா என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை, ஏனென்றால் அவரை வெளி வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் அவர் சொன்னது: “தச்சது நான். என்ன விலைன்னு அட்டையில போட்டிருக்கு. வேணும்னா வரிசையில நில்லு.”

வரிசையில் ஒரு பெண் சிரித்தார். அதன் பிறகு பலரும் சிரித்தார்கள். மேற்படி நபரின் பிடி தளர்ந்தது அந்தச் சிரிப்பில்தான். காவலர்கள் வந்து அவர் தோளைப் பிடித்தது அதற்குப் பிறகு. எழுதும்போது இது முன்பின்னாக மாறிவிடக்கூடாது என்று ஆய்வாளர் அம்மையாரைக் கேட்டுக்கொண்டேன். அவரைக் கூட்டிப்போகும்போது தோம்னிகாவின் பெயரைச் சொல்லி இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். தோம்னிகா குனிந்து கீழே கொட்டிய பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கிளிகோர் ஒரு மாவு மூட்டையை இழுத்துப் போட்டு தோம்னிகாவை உட்கார வைத்து, சுடச்சுட ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து, “சாப்பிடும்மா. இதுக்குக் காசு வேண்டாம். போலீஸ்காரங்ககிட்ட சேர்த்து வாங்கிக்கிறேன்” என்றார். தோம்னிகா முழுவதையும் சாப்பிட்டார். கன்னத்தில் ஒட்டிய சர்க்கரையைத் துடைக்கவில்லை. பல் டாக்டர் அம்மையார் பக்கத்தில் குந்தி அவருடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரிஞ்ச எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார். நான் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார். தோம்னிகா, “போலாம் மேடம். மொதல்ல இந்த வரிசையை முடிச்சிடுறேன்” என்றார்.

அதன் பிறகு அவர் எழுந்து மேஜைக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒவ்வொருவருக்கும் பூவைத் தன் கையாலேயே குத்திவிட்டார். இரக்கப்பட்டுக் கேட்ட விலைக்கு மேல் கொடுத்தவர்களுக்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பெண், “வச்சுக்கோங்க, நல்ல காரியத்துக்குத்தானே” என்றதற்கு, “பை நல்லா இருந்தா அதுக்குக் காசு குடுங்க. நல்லா இல்லேன்னா சொல்லுங்க, பிரிச்சுத் தைக்கிறேன்” என்றார். அந்தப் பெண் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் வாங்கினார். மதியத்துக்குள் மேஜை காலியாகிவிட்டது. அதன் பிறகு நாங்கள் இருவரும் இந்த நிலையத்துக்கு வந்தோம்.

தோம்னிகாவை நான் வரவழைத்தேனா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். கிரினா அம்மையார் தடுத்தாரா என்று கேட்டதற்கு, தடுத்ததாகவும், பிறகு தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்ததாகவும் அவரே என்னிடம் சொன்னார். வரவேண்டாம் என்று சொல்லியும் தோம்னிகா ஏன் வந்தார் என்று கேட்டதற்கு, அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. இவ்வளவு காலமும் அவருக்குப் பதிலாகச் சந்தையில் நான் பேசி வந்தேன். இதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்து உள்ளே வருவார். டிராமில் வரும்போதே பேச ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. தாள் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான் இதில் இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஒத்திலியா பெத்ராஷ்கு