ஐறீன் மிஸ்ஸின் தையல் நிலையம்

வெள்ளவத்தையில் தையல் தெரிந்த பெண் பட்டினி கிடக்கமாட்டாள். பள்ளிச் சீருடை, சாறி பிளவுஸ், திரைச்சீலை என்று ஏதாவது வேலை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எங்கள் அறக்கட்டளை, வடக்கிலிருந்து தனியாக வந்துசேர்ந்த பெண்களுக்குத் தையல் பழக்கி, ஆளுக்கொரு மெஷினும் கொடுத்தது. நிலையத்தை நடத்தியவள் நான்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்தபின் சோதனைகள் கூடின. ஓர் அதிகாரி அடிக்கடி வந்து எங்களிடம் தேநீர் குடித்தார். நினைத்தால் அவர் நிலையத்தைப் பூட்டியிருக்கலாம், பூட்டவில்லை. சந்தேகமான ஆட்களை இடைக்கிடை சொன்னால் போதும் என்றார். எனக்கு யார்மீதும் சந்தேகம் இருக்கவில்லை. ஆகவே கொழும்பில் தேடிவர ஆளில்லாதவர்களாகப் பார்த்துச் சொன்னேன். வாசலில் வந்து அழத் தாய் இல்லையென்றால் துயரமும் குறைவுதானே. அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

கனகேஸ்வரிதான் அதைக் கவனித்தாள். கிளிநொச்சிப் பெண். எங்களிடம் பழகியவர்களில் அவள் தையல்தான் நேர்த்தி. ஒருநாள் ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்.

"மிஸ், அந்த ஐயா வந்துபோன பிறகுதானே எங்கட பிள்ளையளைப் பிடிக்கினம்?"

"அப்பிடியெல்லாம் கதையாதையும்."

"நான் உங்களிட்ட மட்டுந்தான் கேட்டனான், மிஸ். வேற ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்லை."

அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரமே கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில் அவளுக்கு அறை எடுத்துக் கொடுத்தேன். சன்னலால் காற்று வருகிறது என்று சந்தோஷப்பட்டாள். எந்த அறை என்று அதிகாரியிடம் சொன்னதும் நான்தான்.

பிடித்தவர்கள் அவளை நேரே கொண்டுபோகவில்லை. நிலையத்தில் தன்னைத் தெரியும் என்று அவள் மன்றாடியதால், காலையில் ஜீப்பை எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். அரைகுறைத் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் இறங்கினார். இளம் வயது, இரக்கமான முகம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

"மிஸ்ஸுக்கு என்னைத் தெரியும். அவவைக் கேளுங்கோ, ஐயா," என்றாள் கனகேஸ்வரி.

"தன்னே நே," என்றேன். தெரியாது. அந்தளவு சிங்களம் அவளுக்கும் விளங்கும்.

அவள் அழவில்லை. ஜீப் காலி வீதிப் பக்கம் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியும் என்று சொல்லியிருந்தால் நிலையம் மூடப்பட்டிருக்கும். இத்தனை பெண்களும் தெருவில் நின்றிருப்பார்கள். வாசலில் நடந்ததை அவர்கள் எல்லோரும் சன்னலால் பார்த்தார்கள். ஆனாலும் ஒருத்தியாவது என்னைக் குறை சொன்னதில்லை. இப்போதும் நான் உள்ளே வந்தால் கதையை நிறுத்திவிட்டுக் குனிந்து தைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அவ்வளவு மரியாதை.