பின் கதவை மூடியதும் ஓடிய மாடல்

என் பெயர் டானியலா இயேசுதாசன். வயது முப்பத்து நான்கு. செங்காங்கில் அடுக்குமாடி வீட்டில் கணவர் வேய்னுடன் வசிக்கிறேன். தேக்காவில் ஒரு பூக்கடையின் மாடியில் இருக்கும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கோபமாக இருக்கும்போது தமிழ்தான் கோர்வையாக வரும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். விசாரணை அதிகாரி திரு. அப்துல் அலீம் பதிவு செய்கிறார். துவாஸில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில், தீப்பிடிக்காதபோது தீ எச்சரிக்கை மணியை அடித்தேன் என்பது என் மீதான புகார். அடித்தது நான்தான்.

அந்தக் கிடங்கில் உயரமான அடுக்குகளுக்கு நடுவே தண்டவாளத்தில் ஓடிச் சரக்கு எடுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது ஓடும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கதவு உண்டு, எது திறந்திருந்தாலும் அது ஓடக் கூடாது. அதற்குப் புதிய புரோகிராம் எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. எழுதுவதற்கு முன், இயந்திரம் எப்போது நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதைக் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து, அந்த வரைபடத்தையே கணினியில் ஓட்டிப் பிழை பார்ப்போம். அதை மாடல் என்போம். ஓட்டும்போது கிடங்கு ஆட்களாக நடிப்பதும் நாங்களே. என்னோடு வேலை செய்யும் ராஜீவ் முன் கதவால் உள்ளே போகிறவர், நான் பின் கதவால் போகிறவள். இருவருக்கும் மரியாதை அதிகம். அவர் போய்த் திரும்பிய பிறகுதான் நான் போவேன். இப்படியே ஓட்டி ஓட்டி, பிழையே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ராஜீவ் முன் கதவைத் திறந்து தன் ஆளை உள்ளே விட்டார். அதன் பிறகு அந்த ஆளை வெளியே எடுக்காமலே கோப்பி வாங்கப் போய்விட்டார். அதைக் கவனிக்காமல் நான் பின் கதவைத் திறந்து மூடி, இயந்திரத்தை ஓட வைக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். திரையில் இயந்திரம் ஓடியது. ராஜீவின் ஆள் உள்ளேயே நின்றார். ஒவ்வொரு அம்புக்குறியிலும் நிறுத்தி மறுபடி பார்த்தேன். ஒரு கதவு மூடினாலே இரண்டும் மூடிவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்பது தெரிந்தது. இன்னும் எழுதாத புரோகிராம்தானே, திருத்திவிடலாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். அதன் பிறகு ராஜீவ் கோப்பியோடு வந்து பார்த்துவிட்டு, “இந்த பார்ட்ட நாம வரையலையே. பழைய புரோகிராம்லேருந்து அப்படியே எடுத்ததுலா” என்றார். பழைய புரோகிராம் அந்த நேரத்தில் துவாஸில் ஓடிக்கொண்டிருந்தது.

உடனே கிடங்கு மேற்பார்வையாளர் ஜெய்யைத் தொலைபேசியில் அழைத்தேன். வழக்கமாக முன் கதவை மட்டும்தான் பயன்படுத்துவார்கள். அன்று இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று கேட்டேன்.

“ஆமா, முன்னால கிளீனிங், ரத்னவேல் உள்ள இருக்காரு. பின்னால ரேக் ரிப்பேர். ஏன்?”

“மெஷினோட மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க ஜெய். பின்னால உள்ளவங்க எப்ப வெளிய வருவாங்க?”

“லஞ்சுக்கு. கதவு திறந்திருந்தா மெஷின் ஓடாதுலா. உங்க கம்பெனி செஞ்சதுதானே? ஹெட் ஆபீஸ் சொல்லாம நான் ஆஃப் பண்ண முடியாது.”

நான் காரணத்தைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார், அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. கிடங்கின் தலைமை அலுவலகத்தைப் பிடிக்கும்படி ராஜீவிடம் சொல்லிவிட்டு நான் டாக்சியில் ஏறினேன். ஏன் போலீஸை அழைக்கவில்லை என்று அதிகாரி கேட்கிறார். என்ன சொல்லி அழைப்பது, வரைபடத்தில் ஒருவர் நசுங்கிவிட்டார் என்றா? ஜூரோங் தாண்டும்போது ராஜீவ் அழைத்து, தலைமை அலுவலகத்தில் எல்லோரும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். அவரைத் திட்டினேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கிடங்கு வாசலில், பாஸ் இல்லை என்று காவலர் என்னை நிறுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் பின் கதவு தெரிந்தது. பழுது பார்ப்பவர்கள் வெளியே வந்து கையுறைகளைக் கழற்றினார்கள். ஒருவர் கதவை இழுத்துச் சாத்தினார். இன்னொருவர் பச்சைப் பொத்தானை நோக்கி நடந்தார். நான் கத்தினேன், அந்தக் கண்ணாடி வழியே யாருக்கும் கேட்கவில்லை. தீ மணி அடித்தால் இயந்திரத்துக்கு மின்சாரமே நின்றுவிடும், அதற்கு எந்தப் புரோகிராமும் குறுக்கே வராது. சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியை முழங்கையால் உடைத்து அடித்தேன்.

அதன் பிறகு எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ரத்னவேல் கடைசியாக, துடைப்பத்தோடு வந்தார். “யாருங்க மணி அடிச்சது? இன்னும் பாதிகூடக் கூட்டலையே” என்று சலித்துக்கொண்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். மணி அடித்ததும் குளிர் அறைக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டதால் உள்ளே இருந்த ஐஸ்கிரீம் எல்லாம் கரைந்துவிட்டது. புகார் அதற்குத்தான்.

பொத்தானை நோக்கிப் போனவர் அதை அழுத்தவில்லை. அழுத்தும் முன்பே மணி அடித்துவிட்டது. ஆகவே இயந்திரம் ஓடியிருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். உள்ளே யாரும் இல்லாதபோது முன் கதவைத் திறந்து வைத்து, பின் கதவை மூடிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், ஓடாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஜெய்யிடம் சொன்னேன். “கதவு திறந்திருக்கும்போது பட்டனைத் தட்டவா? அது டேஞ்சர்லா” என்றார்.

மறுநாளே இயந்திரத்தை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். பின்பக்க வேலை இன்னும் முடியவில்லை. ரத்னவேல் இன்றும் வேலைக்குப் போயிருக்கிறார்.

அதிகாரி இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை. என் மீது நாளைக்கும் வழக்குப் போடலாம், ரத்னவேலை இப்போதே வெளியே கூப்பிட வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டானியலா இயேசுதாசன்