கண்டத்தை வாங்கிக்கொள்ளும் மீன்

பல்லடம் ரோட்டு வண்ணமீன் கடையில் வரிசையில் நின்றேன். கையிலிருந்த கவருக்குள் வயிறு வீங்கிய தங்கமீன். அக்கறையாகத் தீனி போட்டுப் போட்டு நானே கெடுத்தது. எனக்கு முன்னால் நின்ற பனியன் கம்பெனிக்கார அம்மா கடைக்காரரிடம் கேட்டார்.

"ஊட்டுத் தொட்டியில சாஞ்சு கெடக்கற மீன் சாக இன்னும் எத்தனை நேரமாகுமுங்க?"

"ஏனுங்க சாகணும்? தனித் தொட்டிக்கு மாத்தி, கல்லுப்புக் கொஞ்சம் போட்டு, மருந்தை அளவா ஊத்துங்க. பொழச்சுக்கும்."

"பொழைக்க வேண்டாமுங்க. ஊட்டுக்கு வர்ற கண்டத்தை வாஸ்து மீன் வாங்கிக்கும்னு நீங்கதானுங்களே சொல்லி வித்தீங்க?"

"அது யாவாரத்துக்குச் சொல்றதுங்க."

"மாமனாரு ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாமக் கெடந்தாருங்க. இன்னிக்குக் காலையில மீன் சாஞ்சுது. அப்பவே அவரு கண்ணு முழிச்சு இட்டிலி கேட்டாரு."

கடைக்காரர் சிரித்தார். "போன தடவை அதுக்கு மருந்து குடுத்துக் காப்பாத்துனது நாந்தானுங்களே?"

"ஆமாங்க. மீன் தேறுன அன்னிக்குத்தான் மாமியா போனாங்க."

அவர் சிரிப்பு நின்றது. மூடநம்பிக்கையைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுக்கிற நான், என் மீனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் வீட்டுக்காரர் உற்சாகமாகப் பேசினார். "ஏம்புள்ள, பழைய மருந்து மிச்சமிருந்துச்சு. மீனுக்கு ஊத்தி உட்டேன். இப்ப ஜம்முனு நீந்துது!"

"மாமாகிட்டப் பேசுனீங்களா?"

"அப்பாவைக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாரு. நல்லாத் தூங்கறாராட்ட இருக்குது."