சோமசுந்தரத்தின் தோட்டத்து வழி

காலையில் காலார நடந்துவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். நீங்களும் நடக்கிறவர்தான் என்று கேள்விப்பட்டேன் சார். அதனால் நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் மருதாசலம். பொள்ளாச்சிப் பக்கம். நெய்வேலிக்கு வந்து ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருக்கிறேன். எங்கள் பிளாக்கின் நடப்போர் சங்கத்துக்குச் செயலாளர். பூங்காவைச் சுற்றிப் போட்ட தார் நடைபாதையை எங்கள் குவார்ட்டர்ஸ் வழியாக மார்க்கெட் வரைக்கும் நீட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது, அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

இடம் பார்க்க ராஜேந்திரன் என்ற இளம் என்ஜினியர் வந்தார்.

"சனங்க ஏற்கெனவே எங்க நடக்குறாங்களோ அங்கதான் பாதை போடணும் சார். நாம வேற பக்கம் போட்டா ஒருத்தரும் நடக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் வந்து அளக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு சோமசுந்தரம் திருநெல்வேலிக்காரர். சுரங்கத்தில் ஷிப்டு வேலை. வீட்டுக்குப் பின்னால் பொது நிலத்தை வளைத்து, வேலி போட்டு ரோஜா வளர்த்தார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வரிசையில் எல்லோருமே வேலி போட்டவர்கள்தான். என் வேலிக்குள்ளும் ரோஜா உண்டு. பூச்சி விழுந்த ரோஜா.

அந்த மாதம் அவர் மனைவி தமயந்திக்கு மெட்ராஸில் ஆபரேஷன்; திரும்பி வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். புறப்படும்போது தோட்டத்துச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"செடிக்கு மட்டும் தண்ணி விட்டுருங்க அண்ணாச்சி. வேற யாரு மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லை."

விட்டேன் சார். அதில் குறை சொல்ல முடியாது.

தோட்டத்துக்கு முன்னால் ஒரு கேட், பின்னால் ஒரு கேட். இரண்டையும் திறந்துவைத்தால் தண்ணீர் விடுகிறவனுக்குக் காற்றோட்டமாக இருக்கும். திறந்துவைத்தேன். கீரை விற்கும் மாணிக்கம்மாள்தான் கூடையோடு நின்று முதலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இந்தாண்ட வழி வுட்டுட்டாங்களா?"

"வழிதானுங்க. வாங்க."

"அந்த சாரு பார்த்தா திட்டுவாருங்க. பூவுன்னா அவருக்கு உசுரு."

"அவரு ஊர்ல இல்லைங்க. மார்க்கெட்டுக்கு இதுதான் குறுக்கு. சும்மா போங்க."

பாவம், அவர் ஒரு செடியின் மேலும் சேலை படாமல் ஒதுங்கித்தான் போனார். அதற்குப் பிறகு பால் வாங்கப் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், முதல் ஷிப்டுக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். சங்கத்து ஆட்களை நானே இரண்டிரண்டு பேராகக் கூட்டிக்கொண்டு போனேன். செடிகள் நடுவில் நின்றதால் கொஞ்சம் வளைந்து நடக்க வேண்டியிருந்தது. சிலர் வளையவில்லை. நானும் வளையவில்லை. ஆனால் மிதிபட்ட செடிக்கும் தண்ணீர் விட்டேன்.

ராஜேந்திரன் வந்தபோது தோட்டத்துக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"இது ரொம்ப நாளா இருக்குற வழியா சார்?"

"பார்த்தாலே தெரியுதுங்களே."

"தோட்டக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க."

அதுவும் உண்மை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் என்னிடம் எப்படிச் சொல்வார்? வேலிக்கு அந்தப் பக்கம் காலி மைதானம் கிடந்தது. அதன் வழியாக மார்க்கெட்டுக்கு இன்னும் நேராகவே போகலாம். ராஜேந்திரன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வேலை தொடங்கிய அன்று கான்ட்ராக்ட் ஆள் பழனிவேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"பூத்துக்கினு இருக்குது சார். பார்க்கவே ஒரு மாதிரியா இருக்குதுங்க."

அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி முதல் செடியை நான் வெட்டினேன். யாராவது ஒருவர் தொடங்கிவைக்க வேண்டுமே. ஒன்று வெட்டியதும் கை பழகிவிட்டது. பழனிவேலுக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லை.

சோமசுந்தரம் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, ரோலர் கடைசி நடை ஓடிக்கொண்டிருந்தது. தார் நல்ல கறுப்பாக, வழவழவென்று அமைந்திருந்தது. அவர் தாரின் ஓரம்வரைக்கும் வந்தார்.

"தண்ணி விட்டியளா அண்ணாச்சி?" என்றார்.

"ஒரு நாள்கூடத் தவறலைங்க" என்றேன்.

"உங்களை நம்பித்தானே போனோம்" என்றார் தமயந்தி. நம்பியதற்குக் குறை வைக்கவில்லை என்று சாவியைச் சோமசுந்தரத்திடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பூட்டுவதற்குக் கேட் இல்லாததால் எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

பொறாமை என்று பிளாக்கில் பேசுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை சார். தினமும் காலையில் அவர் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு ரோஜா கொடுப்பார். என் மனைவி சுப்புலட்சுமி அதை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். நான் வளர்த்த பூவைச் சாமி படத்துக்கு வைப்பாள். ஒருநாள் காரணம் கேட்டேன். "சாமி ஒண்ணும் சொல்லாதுங்க" என்றாள். அவ்வளவுதான். இதற்காக யாராவது பொறாமைப்படுவார்களா?

உங்களுக்கு வந்த புகாரில் உள்ளதெல்லாம் சரி. கேட்டைத் திறந்தது நான், ஆட்களை நடக்கவிட்டது நான், செடியை வெட்டியதும் நான். பாதையால் எத்தனை பேருக்கு நன்மை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சோமசுந்தரம் இப்போது வீட்டுச் சுவரை ஒட்டித் தொட்டிகளில் ரோஜா வைத்திருக்கிறார். நடக்கிறவர்கள் ஆளுக்கொரு பதியன் கொண்டுவந்து கொடுத்தார்களாம். வாசலைத் தாண்டி நடந்தறியாத சுப்புலட்சுமியும் இப்போது தினமும் அந்தப் பாதையில் காலை நடை போகிறாள். திரும்பி வரும்போது தலையில் பூ இருக்கிறது.

கூட்டம் கூடிவிட்டது சார். பாதையை அந்தச் சுவர்வரைக்கும் அகலப்படுத்தினால்தான் நெரிசல் குறையும் என்று நேற்று ராஜேந்திரனிடம் சொல்லியிருக்கிறேன். தொட்டிகளை எடுக்கிற வேலையைச் சங்கத்தின் சார்பில் நானே பார்த்துக்கொள்வேன்.